‘இவருக்குப் பதில் இவர்’ கார்டு வருவதற்கு முன்

கேள்வி:

எனக்கு 36 வயது. ஒன்பது ஆண்டுகளாக நடிக்கிறேன். தொலைக்காட்சித் தொடர்களில் அக்கா, அண்ணி, ஆசிரியை. சினிமாவில் நர்ஸ், பெண் போலீஸ், கூட்டத்தில் ஒரு வரி பேசும் பெண். இரண்டு ஆண்டுகளாக ஒரு தினசரித் தொடரில் நாயகியின் அண்ணியாக வருகிறேன். மாதம் 14, 15 நாள் வேலை. இப்போது ஒரு படத்தில் நல்ல வேடம் வந்திருக்கிறது. ஐந்து காட்சி, 12 நாள் வேலை. ஆனால் தொடரின் தேதிகளோடு மோதுகிறது. ‘தினமும் டிவியில் வருகிற முகம் சினிமாவுக்கு எடுபடாது, தொடரை விட்டுவிட்டு வா’ என்கிறார்கள் தெரிந்தவர்கள். ‘இன்னும் எத்தனை வருஷம் இப்படி?’ என்கிறார் கணவர். வெளியில் பார்க்கிறவர்கள் தொடரில் வரும் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். என் சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. தொடரை விடலாமா? நான் தோற்றுவிட்டேனா? இன்னொன்று, சின்ன விஷயம்தான்: மகளின் பள்ளிப் படிவத்தில் ‘தாயின் தொழில்’ என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் காலியாக விட்டு வந்தேன்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

தொடரையும் விடாதீர்கள், படத்தையும் விடாதீர்கள். இரண்டையும் வைத்துக்கொள்ள வழி இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம். இல்லையென்றால் அப்புறம் எதை விடுவது என்று யோசிக்கலாம். நீங்கள் நேராக அந்த ‘அப்புறம்’ என்ற இடத்துக்குப் போய் நின்றுகொண்டு கடிதம் எழுதியிருக்கிறீர்கள். இந்தத் தொழிலில் எல்லோருக்கும் வருகிற அவசரம்தான். எனக்கும் வந்தது.

அப்போது எனக்கு 34 வயது. ஒரு தொடரில் வில்லி. கதையில் என் பகுதி, அதாவது என் டிராக், நன்றாகப் போய்க்கொண்டிருந்த நேரம். ஒரு படத்துக்குக் கூப்பிட்டார்கள். நாயகனின் அக்கா, எட்டுக் காட்சி, இடைவேளைக்கு முன்னால் ஒரு பெரிய அழுகை. அந்த அழுகைக்காகவே போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடரின் மேனேஜரிடம் சண்டை போடாத குறையாகப் பேசிவிட்டு வெளியே வந்தேன். பத்தே நாளில் திரையில் ‘இவருக்குப் பதில் இவர்’ என்று கார்டு போட்டார்கள். வேறொருவர் வந்து என் இடத்தில் நின்று என் வசனத்தைப் பேசினார். ஒரு வாரம் முணுமுணுத்த ரசிகர்கள் அடுத்த வாரம் அவரையே திட்ட ஆரம்பித்தார்கள். வில்லிக்கு அதைவிடப் பெரிய அங்கீகாரம் கிடையாது.

படமோ, நாயகனின் தேதி மாறி நான்கு மாதம் தள்ளிப்போனது. நான்கு மாதமும் கையில் ஒரு நாள் வேலை இல்லை. ஒருவழியாக நடித்து முடித்தேன். படம் வந்தபோது எட்டுக் காட்சி இரண்டாகியிருந்தது. அந்த அழுகை இல்லவே இல்லை. இயக்குநர் மேல் ஒரு வருடம் கோபமாக இருந்தேன். பிறகு அதே படத்தை டிவியில் போட்டபோது உட்கார்ந்து பார்த்தேன். அந்த அழுகை இருந்திருந்தால் இடைவேளை தொங்கியிருக்கும். வெட்டியது சரிதான். தொடரை விட்டதுதான் தப்பு.

இதெல்லாம் நமக்கு மட்டும் நடப்பதில்லை. இந்தி நடிகர் இர்ஃபான் கான் நாடகப் பள்ளியை முடித்த கையோடு ஒரு படத்தில் பெரிய வேடத்துக்குப் பேசப்பட்டார். படம் வந்தபோது அவர் வந்துபோனது சில நிமிடம். அதற்குப் பிறகு பத்தாண்டுக்கு மேல் அவருடைய பிழைப்பு பெரும்பாலும் தொலைக்காட்சித் தொடர்களில்தான் ஓடியது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் வேலை, படக் கம்பெனியிடம் தேதி கேட்பது. 12 நாளும் ஒரே ஷெட்யூலா, இரண்டாகப் பிரித்தா? யார் யாரோடு காம்பினேஷன், அதாவது யாரோடு சேர்ந்து வருகிற காட்சி? இந்தக் கேள்வியைக் கேட்கப் பல பேர் கூச்சப்படுவார்கள், வேடம் கைமாறிவிடுமோ என்ற பயத்தில். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், உதவி இயக்குநர்களின் வேலையே அதுதான். நீங்கள் தனியாக வருகிற காட்சி என்றால் நகர்த்தச் சொல்லிக் கேட்கலாம். நாயகனோடு காம்பினேஷன் என்றால் அவருடைய தேதிதான் உங்கள் தேதி. அது மாறினால் உங்களுடையதும் மாறும், உங்களிடம் யாரும் கேட்கப் போவதில்லை. எந்தத் தேதியானாலும் எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தாலும் போதும். வாயால் சொன்ன தேதி மறுநாள் சொன்னவருக்கே நினைவிருக்காது.

அதைக் கையில் வைத்துக்கொண்டு தொடர்க்காரர்களிடம் போங்கள். போவதற்கு முன்னால் வீட்டில் இருக்கிற ஒப்பந்தத்தை எடுத்து ஒருமுறை படியுங்கள். பிற வேலைகளைப் பற்றி ஏதாவது ஷரத்து இருக்கும். மாதம் இத்தனை நாள் தரவேண்டும் என்று மட்டும் இருக்கிறதா, வேறு எதிலும் நடிக்கக் கூடாது என்றே இருக்கிறதா என்பது முக்கியம். கையெழுத்துப் போட்ட நாளோடு அதை மறந்திருப்பீர்கள். நாம் எல்லோரும் அப்படித்தான்.

மேனேஜரிடம் மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். அவருக்கு இது ஒரு தலைவலி, அவ்வளவுதான். இயக்குநரிடமும் கதை எழுதுகிறவரிடமும் நேரில் சொல்லுங்கள். ஒரு மாதம் முன்கூட்டித் தெரிந்தால் எழுதுகிறவருக்கு அது பிரச்சினையே இல்லை. சில சமயம் உதவியாகக்கூட இருக்கும். கதை நகராமல் நிற்கும்போது ஒருத்தியை வெளியூர் அனுப்பிவைப்பது அவர்களுக்கு ஒரு வழி. ஆஸ்பத்திரியில் மயக்கத்தில் படுக்க வைத்தால் இன்னும் வசதி. ஒரே பகலில் படுக்கை குளோசப் அத்தனையும் எடுத்து வைத்துக்கொண்டு மூன்று வாரம் ஓட்டுவார்கள். போனில் பேசும் காட்சிகளையும் அப்படி மொத்தமாக எடுத்துவிடலாம். நான் ஒருமுறை ஒரே நாளில் 17 போன் காட்சி நடித்திருக்கிறேன். எதிர்முனையில் யார், என்ன பேசுகிறார்கள் என்று பாதிக்கு மேல் தெரியாமலேயே ‘அப்படியா!’ என்று அதிர்ந்துகொண்டிருந்தேன். ஆனால் அந்த ஒரு நாள் எனக்கு ஒரு படத்தை வாங்கிக் கொடுத்தது.

பேசும்போது ‘விலகுகிறேன்’ என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது, மிரட்டலாகக்கூட. ‘இந்த 12 நாள் எனக்கு வேண்டும், முன்னாலும் பின்னாலும் கூடுதல் நாள் தருகிறேன், இரவு வேலையும் செய்கிறேன்’ என்று கேளுங்கள். எபிசோடுகளை முன்கூட்டியே எடுத்துப் பேங்கிங் செய்து வைக்கிற கம்பெனி என்றால் நிச்சயம் யோசிப்பார்கள். அன்றன்று எடுத்து அன்றன்று ஒளிபரப்புகிற கம்பெனி என்றால் கொஞ்சம் கஷ்டம்தான்.

எல்லாம் கேட்டும் முடியாது என்றுவிட்டால்? அப்போது படத்தின் பக்கம் சாயலாம். ஆனால் தேதி எழுத்தில் வந்திருக்க வேண்டும், முன்பணம் கையில் வந்திருக்க வேண்டும். இன்னொன்று இவை இரண்டையும்விட முக்கியம். உங்கள் ஐந்து காட்சிகளையும் வாங்கிப் படித்துப் பாருங்கள். ஒவ்வொரு காட்சியாக மனதில் எடுத்துப் பாருங்கள்: இதை வெட்டினால் கதை புரியுமா? ஐந்தையும் வெட்டினாலும் கதை புரிகிறது என்றால், நீங்கள் எவ்வளவு நன்றாக நடித்தாலும் எடிட்டிங் மேசையில் படத்தின் நீளம் கூடிப்போகும் அன்று முதலில் போவது நீங்கள்தான். ஒரே ஒரு காட்சியாவது, அது இல்லாவிட்டால் நாயகன் ஏன் அப்படிச் செய்தான் என்று பார்ப்பவருக்குப் புரியாமல் போகும் என்றால், அந்த வேடத்துக்காகச் சில நாள் பட்டினி கிடக்கலாம். என் எட்டுக் காட்சியில் அப்படி ஒன்றுகூட இல்லை என்பதை நான் பார்க்கவே இல்லை. அழுகையை மட்டும்தான் பார்த்தேன்.

இப்போது ‘டிவி முகம்’ என்கிற பேச்சு. இதில் பாதி வெறும் பேச்சு.

இந்தி நடிகை சுரேகா சிக்ரியை நினைத்துப் பாருங்கள். 1945-இல் பிறந்தவர், தேசிய நாடகப் பள்ளியில் படித்தவர். 2008-இல் தொடங்கிய ஓர் இந்தித் தினசரித் தொடரில் பாட்டியாக ஆண்டுக்கணக்கில் வீட்டுக்கு வீடு வந்தார். அதற்குப் பிறகு 2018-இல் வெளியான ஒரு படத்தில் மறுபடியும் ஒரு பாட்டி. அதற்குத்தான் அவருடைய மூன்றாவது தேசிய விருது கிடைத்தது. தினமும் பார்த்த முகம் என்று யாரும் ஒதுக்கவில்லை. அமெரிக்காவில் மார்கன் ஃப்ரீமன் எழுபதுகளில் குழந்தைகளுக்கான ஒரு கல்வி நிகழ்ச்சியில் ஆண்டுக்கணக்கில் நடித்துக்கொண்டிருந்தவர். 1937-இல் பிறந்த அவருக்கு முதல் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது 1987-இல் வந்த படத்துக்கு. 50 வயது! இவர்களைப் போல நீங்களும் ஆவீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்பவர்களை நம்பவும் வேண்டாம். தினமும் டிவியில் வருவது மட்டுமே ஒருவரைச் சினிமாவிலிருந்து தள்ளிவைப்பதில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

மற்ற பாதி உண்மை, அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பிரச்சினை முகத்தில் இல்லை, அந்த முகத்துக்கு வந்துவிடுகிற பழக்கத்தில் இருக்கிறது. தினசரித் தொடரில் நமக்கு முதலில் கெட்டுப்போவது மனப்பாடம். பிராம்ப்டிங் இருக்கிறதே, எதற்குப் படிக்க வேண்டும்? பக்கத்தில் நிற்பவர் வரியைச் சொல்லச் சொல்ல நாம் பேசுகிறோம். அதில் நமக்கே தெரியாமல் ஒன்று நடக்கிறது. எதிரில் நிற்பவர் பேசும்போது நம் காது அவரிடம் இருப்பதில்லை, பிராம்ப்ட் செய்பவரிடம் இருக்கிறது. கண் மட்டும் எதிராளியைப் பார்க்கிறது. சின்னத் திரையில், பின்னணி இசையோடு, இது தெரியாது. பெரிய திரையில் நன்றாகத் தெரியும். ‘இவர் கேட்கவில்லை, காத்திருக்கிறார்’ என்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரிந்துவிடும். சினிமாக்காரர்கள் டிவி முகம் என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். அவர்களுக்கு இதைச் சரியாகச் சொல்லத் தெரிவதில்லை, அதனால் முகத்தின் மேல் பழி போடுகிறார்கள்.

இரண்டாவது கெடுதல் ரியாக்‌ஷன். ஒரு வசனத்துக்கு ஆறு பேரின் முகத்தைச் சுற்றி எடுப்பார்கள், ஒவ்வொருவரும் எதையாவது காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ‘மேடம், எதுவுமே வரலை’ என்பார்கள். அதனால் புருவம் தானாகவே தூக்கிக்கொள்ளும். சினிமாவில் அதைக் கழற்றி வைக்க வேண்டும். ரஷ்ய இயக்குநர் லெவ் குலஷோவ் நூறு ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு சோதனை செய்தார். ஒரு நடிகரின் சலனமில்லாத ஒரே முகத்தை ஒரு கிண்ண சூப்புக்கு அடுத்தும், ஒரு சவப்பெட்டிக்கு அடுத்தும் ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் ஒரு இடத்தில் பசியையும் இன்னொரு இடத்தில் துக்கத்தையும் கண்டார்களாம். உங்கள் குளோசப்புக்கு முன்னால் என்ன ஷாட் வருகிறது என்பதே பாதி நடிப்பைச் செய்துவிடுகிறது. மிச்சப் பாதிக்கு நீங்கள் எதிராளி சொன்னதை உண்மையாகக் கேட்டால் போதும். ஷாட் எடுப்பதற்கு முன் ‘லென்ஸ் என்ன, எதுவரை ஃப்ரேம்?’ என்று கேமரா உதவியாளரிடம் மெதுவாகக் கேளுங்கள். இடுப்புவரை என்றால் கை பேசலாம். குளோசப் என்றால் கண்ணைத் தவிர எல்லாமே அதிகம். உங்கள் தோளுக்கு மேலாக எதிராளியை எடுக்கிற சஜஷன் ஷாட்டில் உங்கள் முதுகுதான் தெரிகிறது என்றாலும் முழுதாக நடியுங்கள், ஏனென்றால் எதிரில் இருப்பவருடைய நடிப்பு உங்கள் கண்ணைப் பார்த்துத்தான் வருகிறது. முதுகுக்கு நடிப்பவரை எந்த நடிகரும் மறக்க மாட்டார், அடுத்த படத்தில் அவரே உங்கள் பெயரைச் சொல்வார்.

இதைச் சரிசெய்ய வகுப்பெல்லாம் வேண்டாம். இப்போது நடிக்கும் தொடரிலேயே, நாளுக்கு ஒரு காட்சி, ஒரே ஒரு காட்சி, பிராம்ப்டிங் இல்லாமல் செய்யுங்கள். காலையில் வசனப் பேப்பர் வந்ததும் மேக்கப் நாற்காலியிலேயே அந்தக் காட்சியை உணர்ச்சி எதுவும் ஏற்றாமல் தட்டையாகப் படித்து ஏற்றிக்கொள்ளுங்கள். உணர்ச்சியோடு மனப்பாடம் செய்தால் அந்த ராகம் ஒட்டிக்கொள்ளும், இயக்குநர் வேறு மாதிரி கேட்டால் மாற்ற வராது. ஷாட்டில் பிராம்ப்ட் செய்பவரிடம் ‘நான் மாட்டிக்கொண்டால் மட்டும் கொடுங்கள்’ என்று சொல்லிவிடுங்கள். முதல் வாரம் திணறுவீர்கள். ஒன்மோர், அதாவது இன்னொரு டேக், கேட்பார்கள், மேனேஜர் கடிகாரத்தைப் பார்ப்பார். பரவாயில்லை.

உங்கள் தொடரில் உங்களுக்குக் குரல் கொடுப்பது நீங்கள்தானா? கடிதத்தில் அதைச் சொல்லவில்லை. வேறு யாராவது கொடுக்கிறார்கள் என்றால், படத்தில் நீங்களே டப்பிங் பேச வேண்டும் என்று முதல் நாளே கேட்டு வாங்குங்கள். குரலை விட்டுக்கொடுத்த நடிகருக்கு வேடத்தில் பாதிதான் சொந்தம். பேசிப் பழகினால் அதுவே இன்னொரு வருமானமும் ஆகும். எம்.எஸ். பாஸ்கர் டப்பிங் கலைஞராகவும் உழைத்தவர் என்பது பலருக்குத் தெரியும். அவர் திரையில் ஒரு வரியை எங்கே நிறுத்தி எங்கே விடுகிறார் என்று கவனியுங்கள், டப்பிங் அறையில் கழித்த மணிநேரங்கள் கேட்கும்.

‘நான் தோற்றுவிட்டேனா’ என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

இன்று மாலை ஒரு நோட்டை எடுத்து, கடந்த மூன்று ஆண்டுகளில் நீங்கள் வேலை செய்த கம்பெனிகளை, இயக்குநர்களை எழுதுங்கள். அவர்களில் எத்தனை பேர் இரண்டாம் முறை கூப்பிட்டார்கள்? உதவி இயக்குநராக இருந்தவர் தனியாகப் படம் செய்யும்போது உங்களை நினைத்தாரா? இப்போது வந்திருக்கிற இந்தப் பட வாய்ப்பு யார் மூலமாக வந்தது? நீங்கள் எழுதவில்லை, ஆனால் பழைய ஸ்பாட் ஒன்றில் உங்களோடு வேலை பார்த்த யாரோ ஒருவர் மூலமாகத்தான் வந்திருக்கும் என்று பந்தயம் கட்டத் தயார். எங்கள் தொழிலில் பெயர் தெரிவது ஒரு கணக்கு, மறுபடி கூப்பிடுவது இன்னொரு கணக்கு. முதலாவதை நம்பி வீட்டு வாடகை கொடுக்க முடியாது. டெல்லி கணேஷ் விமானப்படையில் வேலை பார்த்துவிட்டு நடிக்க வந்தவர். 400 படங்களுக்கு மேல் நடித்தார். அந்த எண்ணிக்கை போஸ்டரில் முகம் இருந்ததால் வந்ததா? ‘கணேஷைக் கூப்பிடு’ என்று யாரோ ஒருவர் மறுபடி மறுபடி சொன்னதால் வந்தது.

தொடரில் வரும் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று வருத்தப்படுகிறீர்கள். எனக்கு அதில் வருத்தமே வராது என்று பொய் சொல்ல மாட்டேன். என்னை 29 வயதில் அம்மாவாக்கினார்கள். மகனாக நடித்தவர் என்னைவிட இரண்டு வயது பெரியவர். கேமரா இல்லாத நேரத்தில் ‘அக்கா’ என்றுகூடச் சொல்ல மாட்டார், பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். டேக் என்றதும் ‘அம்மா’. ஒரு மாதம் இரவெல்லாம் கண்ணாடி பார்த்து அழுதேன். ஆனால் அம்மா வேடத்துக்கு ஒரு வசதி இருக்கிறது, வயது ஏற ஏற வேலை குறைவதில்லை. என்னோடு நாயகியாக நுழைந்தவர்களில் பலர் 35 வயதில் அடுத்து என்ன என்று திகைத்து நின்றபோது எனக்கு அந்தக் கேள்வியே வரவில்லை. அண்ணி வேடமும் அப்படித்தான். இன்னும் பத்து வருடத்தில் அதே வீட்டில் மாமியாராக வந்து நிற்பீர்கள். ஒரே எச்சரிக்கை: ஒரே நேரத்தில் மூன்று தொடரில் மூன்று நல்ல அண்ணியாக ஒப்புக்கொள்ளாதீர்கள். அப்படிச் செய்தால் உங்களை நினைக்கும்போது உங்கள் நடிப்பு நினைவுக்கு வராது, அண்ணி என்ற ரகம்தான் நினைவுக்கு வரும். அந்த ரகத்தில் அடுத்து மலிவாகக் கிடைப்பவர் வந்தால் மாற்றிவிடுவார்கள்.

ஆடிஷனில் தோற்றுத் தோற்றுக் களைத்திருப்பீர்கள் என்பது வரிகளுக்கு நடுவே தெரிகிறது. அமெரிக்க நடிகர் ப்ரையன் க்ரான்ஸ்டன் பல வருடம் விளம்பரத்திலும் சின்ன வேடத்திலும் இருந்தவர். ஆடிஷனுக்கு வேலை வாங்கப் போகிறோம் என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, அந்த ஐந்து நிமிடம் நடித்துக் கொடுத்துவிட்டு வருவதுதான் வேலை என்று மனதை மாற்றிக்கொண்ட பிறகு எல்லாம் லேசானது என்று அவர் பேசியிருக்கிறார். நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் ஒரு திருத்தம் உண்டு: வெளியே வந்ததும் அதை மறந்துவிட வேண்டும். நான் அதில் இன்னும் தேறவில்லை.

வீட்டில் இருந்தபடி ஆடிஷனுக்கு எடுத்து அனுப்புகிற செல்ஃப் டேப் வீடியோ பற்றி ஒரு வார்த்தை. வெறும் சுவர், முகத்துக்கு எதிரே வெளிச்சம், கேமரா கண் உயரத்தில். எதிர் வசனம் படிப்பவர் கேமராவை ஒட்டி நின்று தாழ்ந்த குரலில் படிக்கட்டும். மெதுவாகத் திரும்பிப் பார்க்கிற ஸ்லோமோஷனும் பாட்டும் வேண்டவே வேண்டாம். தொடர்களிலிருந்து காட்சி வெட்டி அனுப்புவதானால் நீங்கள் குறைந்த குரலில் பேசுகிற காட்சியை முதலில் வையுங்கள். தேர்வு செய்பவர் இருபது நொடி பார்த்தாலே அதிகம்.

கணவரிடம் என்ன சொல்வது? அவர் கேட்டது நியாயமான கேள்வி, அதற்குக் கனவைப் பதிலாகச் சொல்லாதீர்கள். கணக்கைக் காட்டுங்கள். இரண்டு வருடத்தில் எத்தனை நாள் வேலை, எவ்வளவு வந்தது, எவ்வளவு பாக்கி. இதற்கு நீங்கள் தினமும் குறித்து வைத்திருக்க வேண்டும். நான் வைத்திருக்கிறேன்: தேதி, போன நேரம், வேலை முடிந்து பேக்கப் ஆன நேரம், காட்சி எண், என்ன உடை, என்ன நகை. உடையும் நகையும் கண்டினியூட்டிக்கு, தொடர்ச்சியான காட்சிகளில் மாறிவிடாமல் இருக்க. நேரமும் தேதியும் சம்பளத்துக்கு. ஒரு கம்பெனி ஒன்பது நாள் சம்பளத்தை ஆறு நாள் என்றபோது அந்த நோட்டை மேசையில் வைத்தேன். பேச்சே இல்லாமல் கொடுத்தார்கள். தொடர் ஓடுகிற காலத்துச் சம்பளத்தை வைத்து மாதத் தவணைகளை ஏற்றிக்கொள்ளாதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டி.ஆர்.பி. விழுந்தால் இரண்டு வார அவகாசத்தில் தொடர் முடிந்துவிடும். ஆறு மாதச் செலவு தனியாக இருந்தால் உங்களால் ஒரு மோசமான வேடத்தை வேண்டாம் என்று சொல்ல முடியும். இல்லாவிட்டால் வருவதெல்லாம் நல்ல வேடமாகத்தான் தெரியும்.

படத்தின் ஒப்பந்தத்தில் இரண்டு இடத்தை மட்டும் உற்றுப் பாருங்கள். டைட்டிலில் பெயர் வருமா? சின்ன வேடம்தானே என்று கேட்காமல் விடுவோம். இந்தியாவில் 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டப்படி, படத்தில் போகிறபோக்கில் வந்து, டைட்டில் உட்பட எங்கேயும் பெயர் குறிப்பிடப்படாதவருக்கு, நிகழ்த்துநர் என்ற முறையில் கிடைக்கும் உரிமைகள் பெரும்பாலும் இல்லை. ஆகவே அந்தப் பெயர் வெறும் ஆசை சம்பந்தப்பட்டது இல்லை. இன்னொன்று, உங்கள் முகத்தையும் குரலையும் கணினியில் பதிந்து பிற்பாடு பயன்படுத்தலாம் என்று எங்காவது ஒரு வரி இருக்கிறதா? 2023-இல் அமெரிக்க நடிகர்கள் ஜூலை 14 முதல் நவம்பர் 9 வரை 118 நாள் வேலைநிறுத்தம் செய்ததற்கு இதுவும் ஒரு காரணம். அப்படி வரி இருந்தால் ‘இந்தப் படத்துக்கு மட்டும், என்னைக் கேட்ட பிறகு’ என்று சேர்க்கச் சொல்லுங்கள். மறுஒளிபரப்புக்குப் பணம் என்பதும் அங்கே தானாக வந்ததில்லை, 1960-இல் வேலையை நிறுத்திப் போராடித்தான் அதற்குப் பிறகு எடுக்கும் படங்களை டிவியில் போடுவதற்கு ஒரு பங்கு வாங்கினார்கள். நீங்கள் இங்கே நடிகர்கள் சங்கத்தில் உறுப்பினர் இல்லையென்றால் முதலில் சேருங்கள். சந்தா வீண் என்று நினைத்திருந்த நானே ஒரு பாக்கித் தகராறில் அங்கேதான் போய் நின்றேன்.

‘தொடரை விட்டுவிட்டு வா’ என்ற அந்தத் தெரிந்தவர்கள் யார்? அவர்களில் யாராவது ‘சினிமாவில் நுழைக்கிறேன், போட்டோஷூட்டுக்கும் அறிமுகத்துக்கும் கொஞ்சம் பணம் கட்டு’ என்ற பக்கம் பேச்சைத் திருப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். நடிக்கிறவருக்குத்தான் பணம் வரவேண்டும், அவரிடமிருந்து போகக் கூடாது.

கடைசிக் கேள்வி. பள்ளிப் படிவம்.

நான் பன்னிரண்டு வருடம் எல்லாப் படிவத்திலும் ‘இல்லத்தரசி’ என்று எழுதினேன். நடிகை என்று எழுதினால் எதிரில் உட்கார்ந்திருப்பவர் நிமிர்ந்து ஒருமுறை பார்ப்பார், ‘எந்தப் படம்?’ என்பார், நான் சொல்கிற படத்தை அவர் பார்த்திருக்க மாட்டார். அந்த ஒரு நிமிடத்துக்குப் பயந்துதான். ஒருநாள் என் மகன், அப்போது எட்டு வயது, என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, ‘நீ காலையில் ஐந்து மணிக்கே போகிறாயே, எந்த இல்லத்துக்கு?’ என்று கேட்டான்.

இன்னொரு விஷயம், வங்கிக் கடன் விண்ணப்பம் என்றால் கொஞ்சம் யோசிக்கலாம். நாள் சம்பளக்காரர் என்று தெரிந்தால் அவர்கள் ஆயிரம் காகிதம் கேட்பார்கள். இது பள்ளிப் படிவம்தானே. ‘நடிகை’ என்று எழுதுங்கள். எந்தப் படம் என்று கேட்டால் தொடரில் வருகிற உங்கள் பெயரைச் சொல்லுங்கள். அவருக்குத் தெரிந்திருக்கும்.

அன்புடன்,
உங்கள் அக்கா